கோழித்தலைக் கூஜா

ஜனவரி 6, சனி

எங்கள் சீனப் பீங்கான் சேகரிப்போர் சங்கம் மார்ச் மாதம் ஒரு கண்காட்சி நடத்துகிறது. பச்சை மெருகிட்ட பழங்காலப் பாத்திரங்களைப் பற்றிய கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பினாங்கில் அதற்குத் தகுதியுள்ள ஒரே தமிழர் என்று தலைவர் ஹோ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்திலேயே நான் ஒருவன்தான் தமிழன். குறிப்புகள் எடுத்துக்கொள்ள இந்த நோட்டை வாங்கினேன்.

என்னிடம் இருப்பவை முப்பத்தொரு சாமான்கள். கிண்ணங்கள், சிறு ஜாடிகள், எழுதுகோல் மைக்குத் தண்ணீர் வைக்கும் தவளை வடிவப் பாத்திரம் ஒன்று. எல்லாம் சீனாவின் பழைய யுவே சூளைகளில் சுட்டவை. ஆயிரத்து இருநூறு டிகிரியில் விறகுச் சாம்பலும் மண்ணும் உருகி ஓடி உறைந்த பச்சை. முப்பத்தோராவதுதான் கோழித்தலைக் கூஜா. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே உயரம். பருத்த வயிறு. ஒரு பக்கம் கொண்டையோடு கழுத்தை நீட்டிய கோழி, அதன் அலகுதான் மூக்கு. மறுபக்கம் வளைந்த கைப்பிடி. உப்பில் ஊறிய நெல்லிக்காயின் பச்சை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துச் சாமான் இவ்வளவு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். ஜார்ஜ்டவுனில் கூ என்பவரின் கடைப் பின்னறையில் பழைய கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. கூவுக்கு அதன் அருமை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

சங்கத்தில் யாருக்கும் சொல்லாத ஒன்று: நான் அதைப் புழங்குகிறேன். செப்டம்பரிலிருந்து தினமும் மாலையில் தோட்டத்துக் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, தேனும் தண்ணீரும் கலந்து அதில் ஊற்றி மூடி வைப்பேன். காலையில் லோகாவுக்கு ஒரு கிளாஸ். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நான் தொடுவதில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு வீட்டில் ஒரு காரியத்துக்கும் உதவாத புருஷன் என்று பெயர் வாங்கியவன், ஓய்வு பெற்றபின் மனைவிக்குத் தன் கையால் செய்து கொடுப்பது இது ஒன்றுதான்.

அவளுக்கு இரண்டு மாதமாக வயிறு சரியில்லை. மலச்சிக்கல். எலுமிச்சையும் தேனும் அதற்கு நல்லது.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். லோகா அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பொங்க வைத்தாள். பானையை இறக்க என்னைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இது முதல் தடவை.

“கையில பெலமே இல்லீங்க. துணி பிழியக்கூட முடியல.”

“வயசாகுதுல்ல லோகா.”

“உங்களுக்கு ஆகலியா? நீங்க ஓடிக்கிட்டுதானே இருக்கீங்க.”

இரண்டு வாய்க்கு மேல் அவளால் சாப்பிட முடியவில்லை. வயிற்றைத் துணி முறுக்குவது மாதிரி முறுக்குகிறதாம். வாயில் எந்நேரமும் சில்லறைக் காசை வைத்துச் சப்புவது போல் இருக்கிறதாம். தேன் பழசாக இருக்கலாம்.

ஜனவரி 15, திங்கள்

வேறு தேன் வாங்கினேன்.

ஜனவரி 19, வெள்ளி

கிளினிக். டாக்டர் நளாயினி என்னிடம் படித்தவர். இன்னும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். லோகாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“அம்மாவுக்கு ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்கு சார். வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

“கால் வலிக்கு மார்க்கெட்ல சிட்டம்மா கடைப் பொடி. எப்பயாச்சும்.”

சிட்டம்மாவை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டின் ஓரத்தில் இருபது வருஷமாக நாட்டு மருந்து விற்கிறாள். அதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார். அது நம் வீட்டில் தினமும் நடப்பதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கண்காட்சிக்குச் சாமான்களைத் தேர்ந்தெடுக்க ஹோ வீட்டுக்கு வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து நகத்தால் சுண்டினார். ‘ணங்’ என்றது. தவளையைச் சுண்டினார், அதுவும் அப்படியே. கூஜாவைச் சுண்டினார். ‘டொக்’ என்றது. மறுபடி சுண்டினார்.

“உள்ளே தண்ணீர் இருக்கிறதா?”

“காலையில்தான் காலி செய்தேன். ஈரமாக இருக்கும்.”

டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். உட்புற மெருகு மங்கி, வெள்ளையாகப் பூத்திருந்ததை நானும் கவனித்திருக்கிறேன். பழையது என்றால் அப்படித்தான் இருக்கும்.

“இதில் என்ன ஊற்றுகிறீர்கள், தெய்வசிகாமணி?”

“பூ வைப்பேன்,” என்றேன்.

அரும்பொருளை அன்றாடம் புழங்குகிறேன் என்று தெரிந்தால் சங்கத்தில் என்னைக் கிழித்துவிடுவார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை. ஹோ டார்ச்சை அணைத்துக் கூஜாவை அலமாரியில் திரும்ப வைத்தார். பிறகு “அழகான உருவம்,” என்றார். உருவம் என்றுதான் சொன்னார். போகும்போது கூஜாவைப் பட்டியலில் சேர்த்தாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பொறாமை. நாற்பது வருஷமாகச் சேர்க்கிறார், அவரிடம் கோழித்தலை கிடையாது.

ஜனவரி 27, சனி

ஜொகூரிலிருந்து யோகேஸ் வந்துவிட்டாள். ஏழு மாதம். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையே கிளம்பிவிட்டார். பிரசவம் முடியும்வரை மகள் இங்கேதான். அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டாள்.

“என்னாம்மா இது, பாதியாப் போயிட்டீங்க! அப்பா, நீங்க போன்ல ஒண்ணுமே சொல்லலியே?”

“ரத்தம் கொஞ்சம் கொறைவு. மாத்திரை சாப்பிடுறா.”

“இது கொஞ்சமா ப்பா?”

வீடு நிறைந்த மாதிரி இருக்கிறது. மாலையில் எலுமிச்சை அதிகமாகப் பறித்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

இரண்டு கிளாஸ். யோகேஸ் முகத்தைச் சுளித்தாள். பிள்ளைக்கு நல்லது, குடி என்றேன். கதவருகே நின்று, அவள் வாயில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேப்பர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு கிளாஸும் காலி.

ஜனவரி 31, புதன்

தைப்பூசம். லோகா இந்த வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரவில்லை. டிவியில் ரதம் பார்த்தபடியே கும்பிட்டாள். கும்பிடும்போது வலது கை இடது கையோடு சேரவில்லை. மணிக்கட்டிலிருந்து தொங்கியது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கையை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

கட்டுரையில் இன்று எழுதியது:

“பச்சை மெருகு எல்லாம் ஒன்றல்ல. ஹான் அரசர்கள் காலத்தில் பிரேதத்தோடு புதைப்பதற்கென்றே பச்சைப் பாத்திரங்கள் செய்தார்கள். அவற்றைக் குறைந்த சூட்டில் சுட்டார்கள். மெருகு பளபளக்க ஈயம் சேர்த்தார்கள். இறந்தவருக்கு என்பதால் அதில் உண்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை. யுவே பாத்திரங்களின் மெருகில் ஈயம் இல்லை. அவை வாழ்பவர்கள் புழங்கச் செய்தவை. இன்று போலி செய்பவர்கள் பெரிய சூளைக்குப் பதிலாக ஈயம் கலந்த பச்சையைப் பூசிச் சிறு அடுப்பில் சுட்டு முடித்துவிடுகிறார்கள். அமிலம் பட்டால் அந்த மெருகு மங்கி வெளுத்துவிடும். தட்டினால் ஓசை எழாது.”

திரும்பப் படித்துப் பார்த்தேன். கடைசி மூன்று வாக்கியங்களை அடித்துவிட்டேன். கண்காட்சிக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

லோகாவால் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. யோகேஸ் மாட்டிவிட்டு, நேரே வந்து என் முன்னால் நின்று, “இப்பவே போறோம் ப்பா,” என்றாள்.

டாக்டர் நளாயினி இந்த முறை லோகாவின் வாயைத் திறக்கச் சொல்லி, ஈறு ஓரமாக விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பல்லும் ஈறும் சேருமிடத்தில், பென்சிலால் கீறினாற்போல் கருநீலக் கோடு.

“படிச்சிருக்கேன் சார். நேர்ல பாக்குறது இதுதான் மொதத் தடவை. ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்புறேன், மூணு நாள் ஆகும்.” பிறகு லேசாகச் சிரித்தார். “ஈயத்தைப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே.”

ஆமாம் என்றேன்.

“வீட்ல பழைய பெயிண்ட் இருக்கா? பேட்டரி வேலை ஏதாச்சும்? நாட்டு மருந்துதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. அந்தப் பொடி மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க.”

திரும்பி வரும் வழியில் யோகேஸ் சிட்டம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் காரை ஓட்டினேன். மாலையில் கை தன்பாட்டுக்கு எலுமிச்சையைப் பிழிந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் வழக்கம்போல.

பிப்ரவரி 7, புதன்

பழைய பள்ளிக்கூடம் வரை போய்வந்தேன். ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் இன்னும் வேலை பார்க்கிறார். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்.

கூஜாவைப் புழங்குவதை நிறுத்திவிட்டேன். கண்காட்சி வருகிறது அல்லவா. தேன் தண்ணீர் எங்கே என்று லோகா கேட்டாள். எலுமிச்சை தீர்ந்துவிட்டது என்றேன். யோகேஸ் சன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். கிளை தாங்காமல் காய்த்துக் கிடக்கிறது. பிறகு என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 8, வியாழன்

பகல் இரண்டு மணிக்கு லோகா கூடத்தில் விழுந்தாள். நான் அறையில் இருந்தேன். யோகேஸ் கத்தும் சத்தம். வந்து பார்த்தால் லோகாவின் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயோரம் நுரை. யோகேஸ் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸ் வர பதினேழு நிமிஷம். லோகாவின் கையைப் பிடித்தேன். அது என் கையைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நளாயினி போனில் கூப்பிட்டார். ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஈயம் எண்பத்தேழு.

ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசி போடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். யோகேஸ் கையை நீட்டியபடியே நர்சிடம் கேட்டாள்: “இது பிள்ளைக்குப் போகுமா சிஸ்டர்?” நர்ஸ் மலாய்க்காரப் பெண். டாக்டரிடம் கேளுங்கள் என்றாள். யோகேஸ் என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க ப்பா. உங்களுக்குத் தெரியுமே. போகுமா?”

போகும். தாய் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்குத் தடையில்லாமல் போகும். மூளை உருவாகும் சமயம். இதை நான் கரும்பலகையில் எழுதியே நடத்தியிருக்கிறேன்.

“ரிசல்ட் வரட்டும்மா,” என்றேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையானவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், சிட்டம்மாவின் பொடி, சன்னல் கம்பியில் உரிந்த பெயிண்ட், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டு எண் ஒட்டினார்கள். அடுக்களையில் ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தார்கள். கூடத்தில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் இளையவர் நின்றார்.

“இதெல்லாம் பயன்படுத்துவது உண்டா, ஐயா?”

“இல்லை. அலங்காரத்துக்கு.”

அவர் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, சனி

லோகா கண் திறக்கிறாள், மூடுகிறாள். ஆளைத் தெரிகிறது. பேச்சு குழறுகிறது.

நான் ஆஸ்பத்திரி வாசலில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சிட்டம்மா வந்தாள். கூட யாருமில்லை. முந்தானையைக் கையில் சுற்றி நின்றாள்.

“சார், கடையைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க சார். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் தெறக்கணுமாம். நான் சுக்கு, திப்பிலி, முடக்கத்தான் இதைத்தானே இடிச்சுக் கொடுத்தேன். வேற ஒண்ணும் கலக்கலியே. எம்மேல சத்தியமா, அந்தப் பொடிய நானே சாப்புடுறேன்.”

“ரிசல்ட் வரட்டும் சிட்டம்மா.”

“மார்க்கெட்ல என்னைப் பாத்து நஞ்சு வச்சவன்னு பேசுறாங்க சார். மீன்கடைக்காரன் மூஞ்சத் திருப்பிக்கிறான். லோகாக்கா என்ன சொல்றாங்க? அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“அவளால பேச முடியல.”

அவள் அழுதாள். எனக்காகவும் லோகாவுக்காகவும் சேர்த்து அழுதாள். “நீங்க தைரியமா இருங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனது பேசிக்கொண்டிருப்பதற்காக அல்ல. மைக்கேலிடம் பொட்டாசியம் அயோடைடு கொஞ்சம் வாங்கி வந்தேன். கூஜாவில் பாதிக்கு வினிகர் ஊற்றி அறைக்குள் பூட்டி வைத்தேன். வியாழன் பகல் அந்த வினிகரைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, அயோடைடைக் கரைத்துச் சொட்டாக விட்டேன். முப்பது வருஷமும் ஒவ்வொரு வகுப்புக்கும் நான் செய்து காட்டிய சோதனை. ஈயம் இருந்தால் தங்கத்தைத் தூளாக்கித் தூவினாற்போல் மஞ்சள் இறங்கும். பிள்ளைகள் ‘ஆ’ என்பார்கள்.

முதல் சொட்டிலேயே இறங்கியது. கிளாஸ் முழுக்க.

அப்போது என் மனதில் முதலில் வந்தது லோகா அல்ல. ‘போலி’ என்ற சொல்தான் வந்தது. ‘கூ என்னை ஏமாற்றிவிட்டான்’ என்று நினைத்தேன். அடுத்து, மற்ற முப்பதும் நிஜம்தானா என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தை எடுத்து அதிலும் வினிகர் ஊற்றி வைத்தேன். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதுதான் கூடத்தில் யோகேஸ் கத்தினாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். திங்கள்கிழமை அந்த நீலக் கோட்டைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். கூஜா எழுப்பிய ‘டொக்’ காதில் விழுந்தது. இருந்தும் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். எனக்கே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் ஒரு நாள் அது யுவே சூளைக் கூஜாவாக இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஒரு நாள் லோகாவுக்கு. அந்த ஒரு நாள் யோகேஸுக்கு. பெயர்கூட வைக்காத ஒன்றுக்கு.

யோகேஸ் மொத்தம் பத்து நாள் குடித்திருக்கிறாள். அவளுடைய ரிசல்ட் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரி காண்டீனில் யோகேஸை உட்கார வைத்துச் சொன்னேன். ஆரம்பம் முதல் சொன்னேன். செவ்வாய்க்கிழமையையும் விடவில்லை. அவள் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றேன்.

“நான் குடிக்கல ப்பா.”

எனக்குப் புரியவில்லை.

“மொத நாள் ஒரு வாய் வச்சேன், கொமட்டிக்கிட்டு வந்துச்சு. கொட்டப் போனேன். அம்மாதான் வேணாம்னாங்க. ‘அப்பா ஆசையாப் போட்டுக் கொடுக்குறாரு, சிங்க்ல ஊத்தினா மனசு விட்டுப்போயிடும். கொடு, நான் குடிச்சிடுறேன், காட்டிக்காதே’ன்னாங்க. தினமும் நீங்க பேப்பர் எடுக்கப் போனதும் கிளாஸை மாத்திக்கிட்டோம்.” அவள் உதடு கோணிக்கொண்டது. “சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன் ப்பா. பத்து நாளும் நான்தானே அம்மா கையில கொடுத்தேன்.”

அவளைத் தொடப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சுகாதார அதிகாரிகளுக்கும் போன் செய்தேன். அதே இளையவர் மாலையில் வந்து கூஜாவைப் பையில் போட்டு எண் ஒட்டி எடுத்துப் போனார். “அலங்காரம் என்றீர்களே, ஐயா,” என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிட்டம்மா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் ஆறாவது மாடி. சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“சனிக்கெழமை நான் உங்க முன்னால நின்னு அழுதேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேயா சாவியத் தேடுனீங்க?”

நான் நின்றேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.

“ஆபீஸ்ல சொல்லிட்டேன் சிட்டம்மா. ரெண்டு நாள்ல கடையைத் தெறந்துடுவாங்க.”

“நோட்டீஸ அவங்க கிழிச்சிடுவாங்க சார். ஜனங்க வாயை யாரு கிழிக்கிறது? வாங்க. இப்பவே வாங்க. மார்க்கெட்ல வந்து சொல்லுங்க.”

போனோம். பதினோரு மணி, கூட்டமான நேரம். பூட்டிய கடைக்கு முன்னால் அவள் நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன். மீன்கடைக்காரர், காய்கறிக்காரி, பூக்கட்டுபவர், நான்கைந்து பழைய மாணவர்களின் தாய்மார்கள். வகுப்பில் ஒருநாளும் எனக்குக் குரல் உடைந்ததில்லை. “என் மனைவிக்கு விஷமானது இந்த அம்மா மருந்து இல்ல. என் வீட்டுப் பாத்திரம். நான்தான் கொடுத்தேன்,” என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. “சத்தமா சொல்லுங்க சார்,” என்றாள் சிட்டம்மா. மறுபடி சொன்னேன். யாரோ “வாத்தியாரா?” என்று கேட்டார்கள். யாரோ “ஐயோ லோகாம்மா” என்றார்கள்.

சிட்டம்மா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

ஹோ ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழக் கூடையைக் கீழே வைத்தவர் நிமிரவே இல்லை.

“சுண்டியபோதே எனக்குத் தெரிந்தது. சொன்னால் உங்கள் மனம் புண்படும் என்று நினைத்தேன். பூ வைக்கிறேன் என்றீர்கள். பூவுக்கு என்ன கெடுதல் என்று விட்டுவிட்டேன்.”

நான் பூ என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அன்றே எச்சரித்திருப்பார். அது ஜனவரி 23. அன்று யோகேஸ் ஜொகூரில் இருந்தாள். லோகா ஒரு கிளாஸ்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியைத் துணி போட்டு மூடினேன்.

பிப்ரவரி 15, வியாழன்

ரிசல்ட் வந்தது. யோகேஸுக்கு மூன்று. எனக்கு நான்கு. பிள்ளைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். யோகேஸ் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

லோகாவுக்கு ஐம்பத்திரண்டாக இறங்கியிருக்கிறது. எலும்பில் இறங்கியது வெளியே வர வருஷங்கள் ஆகும், மணிக்கட்டு நிமிர மாதங்கள் ஆகும், முழுக்க நிமிருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். இன்று காலை பேச்சு தெளிந்திருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

யோகேஸ் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. “அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்,” என்று திங்கள்கிழமையே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சொன்னேன். லோகா சன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“அந்தக் கோழிக் கூஜாவா?”

“ஆமா.”

“எனக்கு அந்த ருசியே புடிக்காது. ஆறு மாசமா.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம் திங்கக்கெழமை. டாக்டர் ஈறைக் காட்டுனப்பவே சந்தேகம் வந்துடுச்சு.”

அவள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது.

“செவ்வாக்கெழமை காலையில கொடுத்தீங்களே.”

“கொடுத்தேன்.”

“புள்ளைக்கும் சேத்துத்தானே கொடுத்தீங்க?”

“ஆமா லோகா.”

திட்டுவாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக வந்திருந்தேன். அவள் வலது கையை இடது கையால் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நர்ஸ் வந்து ஊசி மருந்துப் புட்டியை மாற்றிவிட்டுப் போனாள். அரை மணி நேரம் இருக்கும். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன்.

“தண்ணி.”

மேசைமேல் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் ஜக் இருந்தது. கிளாஸில் ஊற்றி அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கிளாஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கண்ணில் நான் பார்த்திராத ஒன்று இருந்தது. அவள் என்னைக் கண்டு பயந்தாள்.

நான் ஒரு வாய் குடித்தேன். தொண்டை வழியாக அது இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்ல கையை நீட்டி, கிளாஸை அவளே வாங்கிக்கொண்டாள்.